கறை படியாத கல்லா?

"கறையே படியாது" என்று கடைக்காரர் உரைத்த ஒரு வார்த்தையை நம்பி, என் தங்கை தன் புதிய இல்லத்தின் சமையல் மேடைக்குத் தூய வெண்ணிறத்தில் குவார்ட்ஸ் கல்லைப் பதிக்கச் செய்தாள். குடிபுகுந்த பின் வந்த முதல் பெருநாளன்று, அடுப்பிலிருந்து பிரியாணிச் சட்டியை இறக்கி வைத்த இடத்தில் வட்டமாக ஒரு பழுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தவள், "இது என்ன கறை காக்கா, போகவே மாட்டேன் என்கிறதே!" என்றாள்.

உண்மையில் அது கறையே அன்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை.

குவார்ட்ஸ் பலகை மலையிலிருந்து அப்படியே அறுத்தெடுக்கப்படுவதன்று. படிகக் கல்லை நொறுக்கி, பாலியெஸ்டர் பிசினும் நிறப்பொடியும் சேர்த்துப் பிசைந்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றியவாறே அதிர்வுடன் அழுத்தி, பின்னர்ச் சூட்டில் இறுகச் செய்கிறார்கள். இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் உலகெங்கும் பரப்பிய முறை இது. வழக்கமான பலகையில் எடைக்கு எடை 90 விழுக்காட்டுக்கு மேல் படிகக் கல்லே, எஞ்சியது பிசின்.

கறை என்பது யாது? நிறமுள்ள நீர்மமோ எண்ணெயோ கல்லின் நுண்துளைகளில் புகுந்து தங்கிவிடுவதே. கிரானைட்டிலும் அத்தகைய துளைகள் உண்டு. பூச்சு இல்லாத வெளிர்நிறக் கிரானைட்டில் எண்ணெய் சிந்தினால் இருண்ட திட்டாக நிற்பதைக் காணலாம். கடப்பைக் கல்லுக்கும் பளிங்குக்கும் வேறொரு பலவீனம். இரண்டும் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தவை. எலுமிச்சையும் புளிக்கரைசலும் அவற்றின் மேற்பரப்பையே அரித்து, மெருகைப் போக்கிவிடும். எங்கள் உம்மாவின் அடுக்களையில் ஊறுகாய்ச் சாடி இருந்த இடம் கடைசிவரை வெளுத்தே கிடந்தது.

குவார்ட்ஸுக்கு இவ்விரு குறைகளும் இல்லை. துளைகளைப் பிசின் அடைத்துவிடுகிறது. படிகக் கல்லை எலுமிச்சை அசைக்காது. தேநீர், புளி, மாதுளைச் சாறு, பீட்ரூட் எல்லாம் ஈரத்துணியோடு வந்துவிடும். மஞ்சள் மட்டும் சற்று முரண்டு பிடிக்கும். அதன் நிறம் நீரில் கரையாது. எண்ணெயோடு சேர்ந்து பிசினைப் பற்றிக்கொள்ளும். சோப்பு பட்டவுடன் அது சிவப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம்; காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவே. உடனுக்குடன் துடைப்பதே நலம். மீறி நின்ற மங்கலான சாயல் வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறிவிடும். மருதாணிக்கும் கேசரிப் பொடிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

இங்கே ஒரு சொல். குர்பானி இறைச்சியை மேடையில் வைத்து வெட்டிய பின், கழுவியும் போகாத சாயலைக் கண்டு சில சகோதரிகள் மனம் குழம்புகிறார்கள். அசுத்தம் நீங்கக் கழுவிய பின், போக்குவதற்கு அரிதாகிவிட்ட நிறம் மட்டும் எஞ்சியிருந்தால் அது மன்னிக்கப்படும் என்பது ஃபிக்ஹு நூல்களின் தெளிவு. அந்த நிறத்தைப் போக்கவென்று குளோரின் வெளுப்பானையும், சாக்கடை அடைப்பு நீக்கும் கடுங்காரத்தையும் ஊற்றுவதுதான் தவறு. அவை பிசினைத் தின்று, நல்ல கல்லை மங்கச் செய்துவிடும். இரும்பு நாரும் வேண்டாம்.

கல்லுக்குக் கேடு சூடுதான். படிகக் கல் நெருப்பைத் தாங்கும், பிசின் தாங்காது. ஏறத்தாழ 150 டிகிரியைத் தாண்டிய பாத்திரம் பட்டால் பிசின் கருகிப் பழுப்பேறும். பொரித்த எண்ணெய்ச் சட்டி அதற்கும் மேலான சூட்டில் இருப்பது. அந்தத் தழும்பைக் கழுவிப் போக்க வழியில்லை. பிரிமணையோ மரப்பலகையோ அடுப்பருகில் எப்போதும் இருக்கட்டும். நாள்தோறும் பெருஞ்சமையல் நடக்கும் வீட்டிற்கு, மெருகேற்றிய கருங்கிரானைட்டே போதும் என்பது என் கருத்து. வெயில் படும் வெளிப்புற மேடைக்கும் குவார்ட்ஸ் ஆகாது, மஞ்சள் பூத்துவிடும்.

விலை கேட்பவர்கள் கேட்க மறப்பது ஒன்று உண்டு. கிரானைட்டில் பொதுவாக 45 விழுக்காட்டுக்குள் அடங்கும் சிலிக்கா, இதில் இரு மடங்கு. உலர் நிலையில் அறுக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பல நாடுகளில் இளம் தொழிலாளர்கள் இதற்கு இரையானதைக் கண்டபின், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இக்கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பதிப்பதையும் தடை செய்தது. நாடு முழுதும் தடுத்ததில் அதுவே முதலாவது. பதித்து முடிந்த கல்லால் வீட்டாருக்குத் தீங்கில்லை, அறுப்பவருக்கே ஆபத்து.

தங்கை வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கான துளையை வீட்டிற்குள்ளேயே வெட்டினார்கள். கூடம் முழுதும் வெண்புகை. வெட்டிய இளைஞர் முகத்தில் கட்டியிருந்தது ஒரு துண்டு மட்டுமே. அந்தத் தூளைத் துணி தடுக்காது. தொட்டி, அடுப்பு ஆகியவற்றின் அளவுகளை முன்கூட்டியே கொடுத்து, பட்டறையிலேயே நீர் பாய்ச்சி அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். இடத்தில் திருத்தம் தேவைப்பட்டால், நீர் ஊற்றி, தூள் தடுக்கும் முறையான முகக்கவசத்தோடு செய்யுமாறு கேளுங்கள். கூலி சற்றுக் கூடும், கொடுத்துவிடுங்கள்.