அமுக்கிராவும் அச்சமும்

வெம்பிளி ஈலிங் றோட்டிலே எம்மவர் வாங்கும் வல்லாரை சம்பலுக்குப் போகிறது. அமுக்கிராத் தூள் நித்திரைக்கு. வைத்தியர் தரும் குளிசை மூளையைக் கெடுக்கும், மூலிகை ஒன்றும் செய்யாது என்பது பலரின் நம்பிக்கை. ஒன்றும் செய்யாதது எப்படிக் குணப்படுத்தும் என்று ஏனோ எவரும் கேட்பதில்லை.

நரம்புக் கலங்களுக்குத் தூண்டல் எவ்வளவு அவசியமோ தடுப்பும் அவ்வளவு அவசியம். மூளையில் தடுப்பு வேலையைப் பெருமளவிற் செய்வது, 1950இல் அங்கு இனங்காணப்பட்ட காபா என்னும் அமினோ அமிலம். அது கலத்தின் மேலுள்ள ஏற்பியிற் பொருந்தியதும் சிறு வாயிலொன்று திறந்து குளோரைட் அயன்கள் உட்செல்கின்றன. பின்னர் அக்கலம் அடுத்த செய்தியை இலகுவில் அனுப்பாது. 1963இல் விற்பனைக்கு வந்த வலியம், அதே ஏற்பியின் வேறோர் இடத்திற் பொருந்தி காபாவின் வேலையைக் கூட்டுகிறது.

ஐரோப்பியர் நெடுங்காலமாகப் பாவித்துவரும் வலேரியன் வேரிலுள்ள வலெரெனிக் அமிலம் நாடுவதும் இந்த ஏற்பியைத்தான். அவ்வேற்பியில் ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றிய சுண்டெலிகளில் அதன் அச்சந் தணிக்கும் விளைவு அற்றுப்போனதை 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எமது சடாமாஞ்சில் வலேரியனுக்கு உறவுச் செடி. அமுக்கிராவின் சாறும் ஆய்வுகூடத்திற் காபா ஏற்பிகளைத் தூண்டியிருக்கிறது. மனிதரிடம் நடந்த சிறிய ஆய்வுகளில் அமுக்கிரா பதற்றத்தை ஓரளவு தணித்தது; வலேரியனின் முடிவுகளோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

மூலிகை வேறு, இரசாயனம் வேறு என்ற எமது பாகுபாடு நரம்புக் கலத்துக்குத் தெரியாது. பசிபிக் தீவினரின் காவா வேரும் பதற்றத்தைத் தணிப்பதுதான். ஆனால் ஈரல் பாதிப்புகளைக் காரணங்காட்டி 2003இல் பிரித்தானியா அதனைத் தடைசெய்தது. அமுக்கிராவை 2023இல் டென்மார்க் தடைசெய்தது. அமுக்கிரா உட்கொண்டோரிடமும் ஈரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. கர்ப்பிணிகள் அதனைத் தவிர்ப்பதே நல்லது. நித்திரைக் குளிசையோடோ மதுவோடோ சேர்ந்தால் மயக்கம் கூடலாம்.

இன்னொன்று. உள்துறை அமைச்சின் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பவரின் பதற்றம் காபாக் குறைவினால் வந்ததல்ல. ஈழத்தமிழரின் போர்க்கால உளவடுக்களை ஆராய்ந்த யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனித நோயாக மட்டுமன்றிச் சமூகத்தின் பாதிப்பாகவும் அவற்றை நோக்கினார். அச்சத்துக்குக் காரணம் வெளியே இருக்கையில் தூளாற் கிடைப்பது ஓரிரவு நித்திரை மட்டுமே. அதையும் நான் சிறிதென்று சொல்லமாட்டேன்.

தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைக்கு இங்கு வைத்தியரின் கடிதமின்றியே விண்ணப்பிக்கலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். போகும்போது அமுக்கிராப் பைக்கற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.