நொதித்தல் வழி ஐதரசன்

நொதித்தல் வழி ஐதரசன் என்பது பயிர்களிலும் கரிமக் கழிவுகளிலும் உள்ள சர்க்கரை, மாவுப்பொருள் ஆகியவற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்துப் பெறப்படும் ஐதரசன் வளிமம் ஆகும். காற்றுப்புகாக் கலனில், ஒளியின்றி இதனைச் செய்யும் முறை இருள் நொதித்தல் எனப்படும்.

செயல்முறை

சாண எரிவாயுக் கலனிலும் ஐதரசன் உண்டாகிறது. ஆனால் மெத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் அதனை உடனே உட்கொண்டுவிடுவதால் அது வெளிவருவதில்லை. எனவே ஐதரசன் வேண்டுமெனில் முதலில் இந்நுண்ணுயிர்களை நீக்க வேண்டும். கலனில் இடும் கசடைக் கொதிக்கவைத்தால் இவை மடியும். வெப்பம் தாங்கும் வித்துகளை உருவாக்கும் கிளாசுட்ரிடியம் போன்றவை பிழைத்துக்கொள்ளும்.

விளைச்சலுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு குளுக்கோசு மூலக்கூறை நீருடன் வினைப்படுத்தி முற்றிலும் சிதைத்தால், கணக்குப்படி 12 ஐதரசன் மூலக்கூறுகள் கிடைக்க வேண்டும். இருள் நொதித்தலிலோ அசிட்டிக் அமிலம் உடன்விளைந்தால் 4, பியூட்டிரிக் அமிலம் உடன்விளைந்தால் 2 மட்டுமே கிடைக்கும். எஞ்சிய ஆற்றலில் பெரும்பகுதி அமிலங்களாகக் கழிவிலேயே தங்கிவிடுகிறது. இம்முறையின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

நெல்லிக்குப்பம் சோதனை

சென்னையிலுள்ள முருகப்ப செட்டியார் ஆய்வு மையம், கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையை ஒட்டிய வடிசாலையின் கழிவுநீரைக் கொண்டு இம்முறையைப் பெரிய அளவில் சோதித்தது. 2008இல் வெளியான முடிவுகளின்படி, 100 கன மீட்டர் கலனில் சுமார் 40 மணி நேரத்தில் 21.38 கிலோ ஐதரசன் கிடைத்தது. ஒரு மோல் குளுக்கோசுக்கு 2.76 மோல் என்பது சராசரி விளைச்சல். சிட்ரோபாக்டர், என்டரோபாக்டர், ரோடோசூடோமோனாசு ஆகிய மூவகை நுண்ணுயிர்கள் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன. இவற்றுள் மூன்றாவது, ஒளி கிடைத்தால் அமிலங்களிலிருந்தும் ஐதரசனை ஆக்கவல்லது.

எல்லை 4 எனும்போது 2.76 நல்ல விளைச்சலே. ஆயினும் 21 கிலோ ஐதரசனின் ஆற்றல் ஏறத்தாழ 70 லிட்டர் டீசலுக்கே ஈடாகும். ஓர் இலட்சம் லிட்டர் கலனுக்கு இது சிறிது. வெளிவரும் வளிமத்தில் கரியமில வாயுவும் கலந்திருப்பதால், பிரித்தெடுக்கும் செலவும் சேரும். ஆகவே எஞ்சும் அமிலக் கழிவை இரண்டாம் கலனுக்கு அனுப்பி மெத்தேன் எடுக்கும் ஈரடுக்கு முறையே நடைமுறைக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. முதற்கலனில் விரட்டிய நுண்ணுயிர்களை இங்கே வரவேற்க வேண்டும்!

மூலப்பொருள்கள்

நெல் விளையும் காரைக்கால் முதலிய காவிரிப் படுகைப் பகுதிகளில் மிகுதியாகக் கிடைப்பது வைக்கோல். அதன் செல்லுலோசு, லிக்னின் என்னும் பொருளால் பிணைக்கப்பட்டிருப்பதால் நுண்ணுயிர்களுக்கு எளிதில் எட்டாது. முன்னதாக அமிலத்தாலோ நீராவியாலோ பதப்படுத்த வேண்டும். மேலும், வைக்கோல் மாட்டுத் தீவனமும் ஆகும். நெல் ஊறவைத்து வடித்த அரிசி ஆலைக் கழிவுநீருக்கு அத்தகைய போட்டி இல்லை. அதிலிருந்து ஐதரசன் எடுக்கும் ஆய்வகச் சோதனைகள் நடந்துள்ளன.