குடும்பத்துக்கு முதல் வான்

மேல்நாட்டார் காருக்குப் பின்னே பூட்டிச் செல்லும் 'கரவன்' என்னும் வீட்டு வண்டி நம்மிடையே அரிது. ஆயினும், சட்டி பானைகளுடன் கூடார வண்டிலிலே சந்நிதிக்கும் வல்லிபுரத்துக்கும் சென்று தங்கியவர்கள் நம் முன்னோர். இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் இளங்குடும்பங்கள் அந்த வண்டிலின் இடத்தில் ஒரு பழைய வானை நாடுகின்றன. குழந்தையைக் கிடத்தி, அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமன்றோ!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறிற்று. 2025 பெப்ரவரியில் தடை நீங்கியபோதும், வரிச்சுமையினாற் புது வாகனம் பலருக்கு எட்டாக்கனியே. ஆகவே பழைய வானுக்கே பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளிற் கைமாறுகிறது.

அச்சேமிப்பைக் காக்க நாம் கூறுவது இதுவே: மேற்பூச்சைக் கண்டு மயங்கலாகாது. கடற்காற்று வீசும் கரையோரத்திலே துரு அடித்தட்டைத்தான் முதலில் அரிக்கும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு வானை உயர்த்தி, அடிப்புறத்தைப் பார்ப்பித்தல் வேண்டும். பின் ஆசனங்களிலும் இருக்கைப் பட்டி உண்டா என நோக்குக. குழந்தைகள் அமர்வது அங்கேயே.

அடுத்தது பத்திரம். சாசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்திருத்தல் வேண்டும். அதிலே லீசிங் கம்பனியின் பெயர் காணப்படின், கடன் தீர்ந்து அப்பெயர் நீங்கும்வரை பணத்தை எண்ணிக் கொடுத்தல் ஆகாது. வாங்கியபின் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பெயர் மாற்றத் தாமதித்தலுங் கூடாது.

விற்பவர் அவசரப்படுத்துகிறாரா? வணக்கஞ் சொல்லித் திரும்புக. வாங்காது வீடு திரும்பிய நாளும் சில வேளை இலாப நாளே.