பசி அடங்கிய உடலும் தட்டின் அரசியலும்

பசியைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாயிற்று. அவையெல்லாம் சோறில்லாத பசி. சோறிருந்தும் பசிக்காத உடல் நம் எழுத்தில் நோயாளியாகவோ பசலை பூத்த தலைவியாகவோதான் வந்திருக்கிறது. இப்போது மூன்றாவதாக ஒன்று: வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலில் குத்திக்கொள்ளும் ஊசியால் பசி கழன்றுபோன உடல். செமாகுளுடைட், டிர்செபடைட் என்று பெயர்கள். சர்க்கரைக்காகவும் எடைக்காகவும் அதைப் போட்டுக்கொள்கிறவன் என்பதால் இதை வெளியில் நின்று எழுதவில்லை.

மருந்து செய்வது என்ன? சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலினைக் கூட்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையிடம் 'போதும்' என்று சொல்லும். இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசியில் வரும் அதன் நகல் நாள்கணக்கில் நிற்கிறது. (2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இவ்வகையின் முதல் மருந்து, ஒரு பாலைவனப் பல்லியின் நச்சு உமிழ்நீரில் கிடைத்த பொருளிலிருந்து வந்தது. பல்லி விழுந்த சோறு என்று பயந்தவர்கள் நாம்!) எடைக்கான மாத்திரைகளின் பழைய வரலாறு மோசமானது. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இலும், சிபுட்ரமின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இலும் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போயின. ஆகவே தோழர்களின் சந்தேகம் நியாயமே. ஆனால் இந்த ஊசியை 'முதலாளியத்தின் சதி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது, போட்டுக்கொண்டிருப்பவருக்கு இன்று மதியம் என்ன சாப்பிடுவது என்று சொல்லாது.

அமைப்பியல் பேசிய நாட்களின் சொற்கள் இங்கே உதவுகின்றன. பசி ஒரு குறிப்பான். உடலின் தேவை அதன் குறிப்பீடு. மருந்து துண்டிப்பது குறிப்பானை மட்டும்தான். தேவை அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லும் வாய்தான் அடைபட்டுவிட்டது. 2021இல் வெளியான செமாகுளுடைட் ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. அதில் ஒரு பகுதியினரின் உடலை ஊடுகதிரால் அளந்து பார்த்தபோது, இழந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத திசு. தசையும் அதில் அடக்கம். நம் உடல்களுக்கு இது கூடுதல் நஷ்டம். வெளியே மெலிந்தும் உள்ளே கொழுத்தும் இருக்கும் இந்திய உடலைப் பற்றி புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். தசை முதலிலேயே குறைச்சல். அதிலும் போனால், வயதான காலத்தில் தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க முடியாது.

எனவே கேள்வி 'எவ்வளவு குறைவாக' என்பதல்ல, அந்தக் குறைவுக்குள் எதை வைப்பது என்பது. வழக்கமான நிலையில் புரதம் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. எடை வேகமாகக் குறையும் காலத்தில் 1.2 முதல் 1.6 கிராம் என்று அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2025இல் பரிந்துரைத்தன. எழுபது கிலோ ஆளுக்குக் குறைந்தது 84 கிராம். (சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.) இப்போது நம் தட்டுக்கு வருவோம். ஒரு இட்லியில் இரண்டு கிராம் போல. முட்டை ஒன்றுக்கு ஆறு. நூறு கிராம் மீனில் இருபதுக்குச் சற்று முன்பின். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்து. ஒரு கிண்ணம் தயிரில் ஆறு. ரசஞ்சோற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பசியோடு இருப்பவனுக்கே எண்பதைத் தொடுவது பாடு. நாலு வாயில் நெஞ்சுவரை நிறைந்துவிடுகிறவனுக்கு?

ஒரு தனியார் மருத்துவமனையில் ஊசியோடு எனக்கு உணவுத் தாள் ஒன்றும் தந்தார்கள். பனீர், டோஃபு, பாதாம், வே பவுடர். முட்டையின் வெள்ளை மட்டும் 'விரும்பினால்'. மாட்டுக்கறி இல்லை, நெத்திலி இல்லை, கொள்ளு இல்லை, சேரியிலும் குப்பத்திலும் தலைமுறைகளாக உடம்பை நிறுத்திவைத்த எதுவுமே இல்லை. சமைத்த மாட்டுக்கறி நூறு கிராமில் இருபத்தைந்து கிராம் புரதம் வரும், இரும்பும் பி12உம் கூடவே வரும். அறிவியலின் குரலில் பேசும் ஒரு தாள், யாருடைய சமையலறையைப் 'பொது'வாக்குகிறது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. கொழுப்பில்லாத துண்டமாக எடுத்து, குழைய வேகவைத்து, காரம் குறைத்து, ரெண்டு வாய் முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கைவைப்பது: நான் கண்ட வழி இது. சைவக்காரர்களுக்குச் சுண்டலும் சோயாவும் தயிரும் வேர்க்கடலையும் இருக்கின்றன, பவுடர் டப்பா கட்டாயமல்ல.

வரிசைதான் முக்கியம். முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு. வேளைக்குக் கொஞ்சமாக, நாலைந்து தடவை. பஜ்ஜி, பரோட்டா, எண்ணெய் மிதக்கும் குழம்பு எல்லாம் இரைப்பையில் மணிக்கணக்காகத் தங்கிக் குமட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடித்தால் இடம் போய்விடும். இடையிடையே குடிக்கணும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் உயிரை வாங்கும். கீரையும் கொய்யாவும் அதற்குத்தான். மிகப் பெரிய வலை டீயும் பிஸ்கட்டும். பசியில்லாதவனுக்கு அது ஒரு நாளையே ஓட்டிக் கொடுத்துவிடும். கூடவே கனம் தூக்கும் பயிற்சி ஏதாவது வேண்டும், தண்ணீர்க் குடமானாலும் சரி. தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் போதாது. கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால், சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். விடாத வாந்தி, முதுகுவரை பாயும் வயிற்றுவலி என்றால் அடுத்த ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே போய்க் காட்ட வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்பது நம் வீடுகளில் அம்மாக்கள் சொன்ன பெரிய பொய். என் தோழி ஒருத்தி இப்போது அதே வாக்கியத்தைச் சொல்கிறாள், இம்முறை அது நிஜம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியிருக்கும் சோற்றில் ரசம் விட்டு ரெண்டு கவளம். முட்டை பையனுக்குப் போய்விட்டது. "இப்பத்தான்டி அளவா சாப்பிடுற" என்று மாமியார் மெச்சுகிறார். பழைய பொய்யிலும் சரி, புதிய நிஜத்திலும் சரி, முட்டை போகும் திசை மாறவில்லை. கடைசியில் சாப்பிடுகிற பந்தி வழக்கத்துக்கு இந்த ஊசி ஒரு மருத்துவ நியாயத்தை வழங்கிவிடுகிறது. ஆறு மாதத்தில் அவளுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. ஊசியைக் குற்றம் சொன்னார்கள், தட்டை யாரும் பார்க்கவில்லை. இப்போது சமைத்ததும் அடுப்படியிலேயே நின்றபடி தன் முட்டையைத் தின்றுவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுகிறாளாம்.

காசுக் கணக்கும் உண்டு. மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப அளவான 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். வாரத்துக்கு ஒன்று, ஆக மாதம் 14,000. மருந்துக்கு இதைக் கொடுத்துவிட்டு 'எப்படியும் பசிக்கல' என்று மளிகையில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை தாங்காமல் பாதியில் நிறுத்துகிறவர்களும் பலர். மேலே சொன்ன ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை மருந்து நின்றபின் ஓராண்டு கவனித்ததில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. பசியும் பழைய வேகத்தில் திரும்பும். அப்போது தசையை எவ்வளவு காப்பாற்றி வைத்திருக்கிறோம், சாப்பாட்டு வரிசை கைப்பழக்கமாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே மீதி நடக்கும்.