ஏட்டைத் தந்தார், எதைப் படிக்கச் சொன்னார்?

பழைய ஜப்பான் என்றதும் வாளேந்திய சாமுராயும், அவன் எதிரே தலைகுனிந்த மங்கையும்தானே நினைவுக்கு வருகின்றனர்? அந்நாட்டு மரக்கட்டை அச்சுப் படங்களைப் புரட்டுங்கள். அங்கே மாதர் கையிலே மடல்! சிறுமியர் முன்னே ஏடு!

'உக்கியோ-எ' என்பர் அப்படங்களை. அரண்மனைக்கென்று பிறந்தவை அல்ல. எடோ நகரக் கடைத்தெருவிலே, ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடும் காசுக்கு விற்றவை. ஓவியன் வரைவான், ஒருவன் மரத்தைச் செதுக்குவான், மற்றொருவன் வண்ணம் பூசித் தாளில் ஒற்றுவான். ஓவியன் பெயர் படத்தில் இருக்கும்; உளி பிடித்தவன் பெயர் பெரும்பாலும் இராது. உழைத்தவன் கதை அங்கேயும் அதுதான்!

1790-களின் தொடக்கத்தில் உத்தமாரோ தீட்டிய ஒருத்தி, கடிதத்தை முகத்தருகே பிடித்துப் படிக்கிறாள். மழித்த புருவம், மணமானவள் என்கிறது. என்ன சேதியோ, நமக்குத் தெரியாது. பிறர் படித்துச் சொல்லட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை, அது தெரிகிறது!

1840-களில் இஸ்ஸுன்ஷி ஹனசாதோ வரைந்தது, 'தெராகோயா' என்னும் ஊர்ப் பள்ளி. நடுவே ஆசிரியை, ஆம், ஆசிரியை! சுற்றிலும் சிறுமியர். தூரிகையும் மையுமாகச் சிலர், குறும்பிலே சிலர். தாள் அருமையான பொருள். எழுதியதன்மேலேயே மீண்டும் மீண்டும் எழுதிப் பழகுவார்கள், ஏடே கருத்துப்போகும்வரை.

களிப்புதான். ஆனால், அக்காலச் சிறுமியர் எதைப் பார்த்து எழுதினர், கேளுங்கள்! 'ஒன்னா தைகாக்கு', அதாவது பெண்களுக்கான பெருங்கல்வி. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கைபாரா எக்கென் பெயரால் பரவிய நூல். கணவனே எசமான், மாமன் மாமி சொல் மீறாதே, பொறாமையும் பேதைமையும் பெண்ணின் பிணிகள்! இதுவே பாடம், இதுவே கையெழுத்துப் பயிற்சி! விளக்கைக் கையிலே கொடுத்து, விழியை மூடிக்கொள் என்றனர்.

யோஷிவாரா நங்கையரும் படங்களிலே மடல் எழுதுகிறார்கள். வாடிக்கையாளரை இழுக்க எழுத்து வேண்டியிருந்தது. கடன் தளையை அறுக்க அது உதவவில்லை.

எனினும் எழுத்தறிந்தவளை ஒரே நூலோடு கட்டிவைக்க முடியுமா? முதுகிலே புத்தக மூட்டை சுமந்து, வீடுவீடாக வாடகைக்குத் தருவோர் வந்தனர்; கதை ஏடுகள் வாசல் தாண்டின. 1872-இல், ஆணும் பெண்ணும் பள்ளி செல்லவேண்டும் என்று அரசே ஆணையிட்டது. 1899-இல் ஃபுகுசாவா யுகிச்சி, தாம் தொடங்கிய நாளேட்டிலேயே, அந்தப் 'பெருங்கல்வி'யை விதி விதியாக எடுத்துவைத்து மறுத்தார்.