அம்மம்மா வைக்கும் கையெழுத்து

தாய் சவூதியிலோ கட்டாரிலோ வீட்டு வேலைக்குப் போயிருக்கும் குடும்பங்களில், பாடசாலையிலிருந்து பிள்ளை கொண்டுவரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைப்பது பெரும்பாலும் அம்மம்மாதான். மட்டக்களப்பின் செட்டிபாளையம், களுதாவளைப் பக்கத்தில் இது புதினமில்லை. ஆனால் எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?

இலங்கையில் 18 வயது வரை பிள்ளை சட்டப்படி பராயமடையாதவர்; அதனால்தான் வீட்டுப் பெரியவரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலைகளுக்கு வந்து மருத்துவப் பரிசோதனை செய்கிறார்கள். தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி 2017 முதல் போடப்படுகிறது. இந்த ஊசியால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்று உலவும் கதை பொய். ஆனாலும் பயந்து கேட்கும் தாயை 'படிக்காதவள்' என்று தள்ளிவிடுவது சரியில்லை. என்ன ஊசி, எதற்கு, காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பதில் சொல்வது அவர் கடமை. முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்திருந்தால், வலிப்பு இருந்தால், அன்று காய்ச்சல் என்றால் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தாய்க்கு வாட்ஸ்அப்பில் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அம்மம்மா கையெழுத்து வைக்கட்டும். பிள்ளைக்குப் பொறுப்பானவர் யார் என்பதை அதிபரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

உளவளத்துணை விஷயம் வேறு. சண்டைக் காலத்தில், 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா விளையாட்டும் கதையும் களிமண்ணுமாகத்தான் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளின் மனங்களை அணுகியது. அப்படியொரு அனுபவம் உள்ள மாவட்டத்திலும், ஆலோசனை ரீச்சரிடம் போன பிள்ளைக்கு 'விசர்' என்று பட்டம் கட்டுகிறோம். தொடர்ச்சியான சிகிச்சைக்கு, அதிலும் மருந்து கொடுப்பதற்கு, பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ரீச்சரிடம் மனம்விட்டு அழும் ஒரு முதல் பேச்சுக்கும் வீட்டுக் கையெழுத்து வேண்டும் என்றால், வீட்டிலேயே அடி வாங்கும் பிள்ளை வாயே திறக்காது. துன்புறுத்துபவரிடமே அனுமதி கேட்பது எந்த ஊர் நியாயம்? இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை, பிள்ளையின் சொந்தக் கருத்துக்கும் மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. பேசியதை ரீச்சர் ஆசிரியர் அறையில் கதையாக்கக் கூடாது. பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும், உதவக்கூடியவரிடம் சொல்லியாக வேண்டும். அதையும் பிள்ளைக்கு முதலிலேயே தெரியப்படுத்த வேண்டும்.

துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம், பிள்ளையும் அழைக்கலாம். மன உளைச்சலுக்கு 1926. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பாடசாலையில் சம்மதம் கேட்காமல் ஏதாவது செய்தார்கள், இரகசியத்தை வெளியே விட்டார்கள் என்றால் முதலில் அதிபரிடம் சொல்லுங்கள். அசையாவிட்டால் பட்டிருப்பு வலயக் கல்விப் பணிமனைக்கும், அதற்கு மேலே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கும் போகலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.