ஐந்து நாள் காய்ச்சலுக்குப் பின்னால் இருக்கும் இதயம்

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் குழந்தைக்குக் காய்ச்சலடித்து உடம்பு சிவந்து தடித்தால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் நினைப்பது அம்மையைத்தான். பல நேரம் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்காமல், பீளை தள்ளாமலே கண் சிவந்து, உதடு வெடித்து, கை கால் வீங்கி, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் கவாசாகி நோயாக இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்தச் சந்தேகம் எழுந்த குழந்தைக்கு எக்கோ, அதாவது இதயத்தின் ஒலியலைப் படம், எடுத்தே ஆகவேண்டும்.

ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967இல் விவரித்த நோய் இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கே வரும். மூலகாரணம் இன்னும் பிடிபடவில்லை. நடப்பது என்னவென்று தெரியும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் ரத்தக் குழாய்களைப் புண்ணாக்குகிறது. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி குழாய்கள் புடைத்து, உள்ளே ரத்தம் உறைந்தால் குழந்தைக்கே மாரடைப்பு வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இந்தப் புடைப்பு வருகிறது. காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினால், புடைப்பு வருவது நூற்றுக்கு நாலைந்து பேராகக் குறைகிறது. ஆனால் மருந்து ஏற்றாவிட்டாலும் காய்ச்சல் தானாகவே அடங்கிவிடும் என்பதால் ஏமாந்துவிடுகிறோம். விரல் நுனித் தோல் உரிவதைப் பார்த்து விழித்துக்கொள்வதற்குள் இரண்டு மூன்று வாரம் ஓடியிருக்கும்.

காய்ச்சல் வந்த பிள்ளைக்கெல்லாம் எக்கோவா என்று கேட்கலாம். தேவையில்லை, அறிகுறிகள் சேர்ந்து வந்தவர்களுக்குப் போதும். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு: அவர்களிடம் மற்ற அறிகுறிகள் தெரியாமலே போகலாம் என்பதால், காரணம் பிடிபடாத காய்ச்சல் ஏழு நாள் நீடித்தாலே இதயத்தைப் பார்க்க வேண்டும். எக்கோவில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. குழந்தையின் மெல்லிய மார்பில் குழாய்களின் தொடக்கப் பகுதி நன்றாகவே தெரியும். முதல் எக்கோ சரியாக இருந்தும் பின்னால் புடைப்பு வந்திருக்கிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் ஓரிரு வாரத்திலும், பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்குள்ளும் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். முதல் படம் நன்றாக இருக்கிறதென்று மருந்தைத் தள்ளிப்போடுவதும் தவறு.

ராயகிரியிலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போய்வருவது கூலி வேலைக்காரர்களுக்கு ஒருநாள் வருமான இழப்பு. அது சின்ன விஷயமல்ல. இருந்தாலும் பெற்றோரே, காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அடுத்த எக்கோவைத் தவறவிடாதீர்கள்.